இடது காலின் முன்விளிம்பு

இரணியல்
11 நவம்பர் 2024

ஜினிஷாவுக்கு,

உனக்கு எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. உன் நம்பரை ஏப்ரலிலேயே பிளாக் செய்தாகிவிட்டது. உன் குரல் என் காதில் விழ வேண்டாம். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், அதனால்தான் காகிதம்.

போன சனிக்கிழமை அபினாவைக் கூட்டிக்கொண்டு தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். முன்னால் ஒரு காலேஜ் பையன், காதில் ஒயர், கையில் பப்ஸ். அவன் ஜீன்ஸில் வலது முட்டி வெளுத்து நூல் தெரிந்தது. இப்போது எல்லாப் பையன்களும் அப்படித்தானே போடுகிறார்கள் என்று கண்ணைத் தாழ்த்தினேன். தாழ்த்தின இடத்தில், இடது காலின் முன்விளிம்பில், பெருவிரலுக்கு நேராக, மெரூன் நூலில் ஒரு தையல்.

அந்தத் தையலைப் போட்டது நான். உன் அண்ணன் லிஜோவின் வேலை ஜீன்ஸில் போட்டேன். வீட்டில் நீல நூல் தீர்ந்திருந்தது. அபினாவின் யூனிஃபார்முக்கு வாங்கிய மெரூன் நூல் கிடந்தது, அதில் அடித்தேன். முடிக்கிற இடத்தில் கை கோணி, தையல் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அந்தக் கோணலும் அந்தப் பையன் காலில் அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்ததும் லிஜோவின் துணிமணியையெல்லாம் மாமா வாரிக்கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டார். அதில் ஒன்றுதான் இவன் காலில் கிடக்கிறது என்று நினைத்துவிட்டேன். யோசிக்கவே இல்லை, குனிந்து அந்த விளிம்பைப் பிடித்தேன். பையன் பப்ஸைக் கீழே போட்டுவிட்டான். “அக்கா, என்ன செய்யிய? எந்திரிங்க, எல்லாரும் பாக்காவ” என்றான். நான் காலில் விழுகிறேன் என்று நினைத்திருப்பான், பாவம். இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஆன்லைனில் வாங்கினானாம். ஹாஸ்டலில் இன்னொருத்தனிடமும் இதே மாதிரி இருக்கிறதாம். “கிழிசல் இல்ல அக்கா, டிசைனே இப்படித்தான்” என்றான்.

அப்புறம்தான் போன கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது. நீ கொடியில் கிடந்த அந்த ஜீன்ஸை மடித்து உன் பையில் வைத்தாய். அண்ணனுக்குப் பதிலுக்கு ஒரு புது ஜீன்ஸ் கொடுத்தாய். பெங்களூர் கம்பெனியில் எதற்கோ மாதிரி வேண்டுமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். மாதிரி என்றால் இதுதானா?

அவருடைய உடுப்பு என்று என்னிடம் ஒரு கைலிகூட இல்லை. அந்த ஜீன்ஸ் எனக்கு வேண்டும், அனுப்பு.

அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “நீ அன்னைக்கு வாய அடக்கியிருந்தா எனக்க அண்ணன் இன்னைக்கு உசிரோட இருப்பான்.” மாமா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் நான் வில்லுக்குறி வீட்டை விட்டு அம்மா வீட்டில் கிடக்கிறேன். நீ சொன்னது பொய் என்று இப்போதும் நான் சொல்லவில்லை. ஜீன்ஸை மட்டும் அனுப்பு.

ஷைஜா


பெங்களூரு
20 நவம்பர் 2024

அன்புள்ள மைனி,

உங்கள் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். உள்ளே இருந்ததைப் படித்த பிறகும் அந்தச் சந்தோஷம் முழுதாகப் போகவில்லை. திட்டுவதற்காவது எழுதினீர்களே.

கேட்காமல் எடுத்தது தப்புதான். ஆனால் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல விடுங்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி நான் அண்ணனை விற்கவில்லை.

எங்கள் ஆலையில் ஜீன்ஸ் தைப்பதில்லை. தைத்து வருகிற புது ஜீன்ஸைப் பழசாக்கி அனுப்புவதுதான் வேலை. சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்குத்தான் கிராக்கி. நான் இருப்பது தேய்மானப் பிரிவில். பட்டறையிலும் பண்ணையிலும் வருஷக்கணக்கில் போட்டு உழைத்த ஜீன்ஸைத் தேடி எடுப்போம். எங்கே வெளுத்திருக்கிறது, எங்கே நூல் விட்டிருக்கிறது என்று படம் பிடிப்போம். அந்தப் படத்தை லேசரால் புதுத் துணியில் எரித்து ஏற்றுவோம். பழைய தையல் இருந்தால் அதையும் மெஷினில் அப்படியே அடிப்போம். அப்படித்தான் உங்கள் தையலும் போயிற்று.

வேறு எந்தத் துணியிலும் இது நடக்காது. நீலம் மற்ற சாயம் மாதிரி இல்லை. தண்ணீரில் கரையாது. தொட்டியில் அதைக் கரைய வைத்தால் அது நீலமாகவே இருக்காது, மஞ்சளும் பச்சையுமாகக் கிடக்கும். நூலை முக்கி வெளியே தூக்கினால், காற்றுப் பட்டதும் நம் கண் முன்னாலேயே நீலமாக மாறும். மறுபடி முக்க வேண்டும், மறுபடி காற்றில் காட்ட வேண்டும். எத்தனை தடவை முக்கினாலும் நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். மற்ற சாயம் உள்ளே இறங்கிவிடும், நீலம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் உரசின இடமெல்லாம் உள்ளிருக்கும் வெள்ளை தெரிய ஆரம்பிக்கும். ஒருத்தன் எந்த முட்டியை ஊன்றி வேலை செய்தான், எந்தப் பையில் போனை வைத்தான் என்பதெல்லாம் ஜீன்ஸில் எழும்பி வரும்.

உங்கள் அம்மா எண்ணெய் காய்ச்சும்போது போடுகிற நீலஅமரி இலைதான் இதற்கெல்லாம் மூலம். வெள்ளைக்காரன் அந்தச் சாயத்துக்கு நம் நாட்டுப் பெயரையே ஒட்டி ‘இண்டிகோ’ என்று வைத்துக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனான். பிறகு ஜெர்மனிக்காரன் ஆலையிலேயே செய்யக் கற்றுக்கொண்டான், இன்று நாங்கள் முக்குவது அதுதான். துணிக்கும் அப்படித்தான் ஊர் ஊராகப் பெயர், பிரான்ஸ் ஊர் ஒன்றால் டெனிம், இத்தாலி ஊர் ஒன்றால் ஜீன்ஸ், நம் பம்பாய் டோங்கிரியால் டங்கரி. எந்த ஊரிலும் உடுத்தினவன் கூலிக்காரன்தான்.

ஜீன்ஸ் வந்த கதையை ஒருநாள் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் ஒரு விறகுவெட்டியின் மனைவி தையல்காரரிடம் போய், புருஷனுக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று கேட்டாள். அவர் பைகளின் மூலையில் செப்பு ஆணி அடித்துக் கொடுத்தார், அதுதான் தொடக்கம் என்பார்கள். “பின்னே, பொண்டாட்டி போய் நின்னாத்தான எதுவும் நடக்கும்” என்று நீங்கள் சொன்னீர்கள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டோடு சிரித்தான்.

அண்ணனுடைய ஜீன்ஸைக் கொடியில் பார்த்தபோது எனக்குக் கை பரபரத்தது. எல்லோருக்கும் கீழ்விளிம்பு குதிகால் பக்கம்தான் தேயும், தரையில் மிதிபடுவது அதுதான். அண்ணனுடையதில் இடது கால் மட்டும், அதுவும் முன்பக்கம் தேய்ந்திருந்தது. நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பழைய ஜீன்ஸைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. மேலதிகாரியிடம் காட்டியபோது அவரும் அதைத்தான் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் அண்ணனுடையது என்று பெருமையாகச் சொன்னேன். அப்போது அவன் இருந்தான், மைனி.

ஜீன்ஸ் கம்பெனி அலமாரியில் இருக்கிறது. எடுத்துத் தர முடியுமா என்று பார்க்கிறேன். அடக்கத்தன்று நான் சொன்னது துக்கத்தில் வந்த பேச்சு. அதைப் பற்றி இன்னும் எழுத எனக்குத் தெம்பில்லை.

ஜினிஷா


இரணியல்
2 டிசம்பர் 2024

ஜினிஷாவுக்கு,

தொட்டி, நூல், காற்று எல்லாம் புரிந்தது. நீ டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம். நான் கேட்டது ஜீன்ஸ், நீ அனுப்பினது பாடம்.

முன்பக்கம் தேய்ந்தது ஏதோ பெரிய அபூர்வம் போல எழுதியிருக்கிறாய். ஒரு அபூர்வமும் இல்லை. உன் அண்ணன் இடது காலைத் தூக்கி வைக்கமாட்டார், அவ்வளவுதான். அந்த விளிம்பை நான் இரண்டு தடவை அடித்தேன். முதல் தடவை நீல நூல், அது போனதும் மெரூன். செருப்பும் அப்படித்தான், இடது செருப்பு மட்டும் முன்னால் தேய்ந்து ஓட்டை விழும். வலது புதுசு போல இருக்கும்போதே ஜோடியாகத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. “காலை இழுத்து இழுத்து நடக்கியளே, தூக்கி வச்சா என்ன, கொறஞ்சா போவிய?” என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். “வயசாவுதுல்லா” என்பார். நாற்பது ஆகவில்லை அவருக்கு.

துக்கத்தில் வந்த பேச்சு என்று லேசாக எழுதிவிட்டாய். அன்று காலை என்ன நடந்தது என்று உனக்கு யார் சொன்னது? மாமா சொல்லியிருப்பார். முன்னறையில் இருந்தவருக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

அபினாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றுவதற்காகத் தூக்கிக்கொண்டு நடையிறங்கினார். இடது கால் படியில் தட்டிற்று. பிள்ளையோடு விழுந்தார். அவளுக்கு நெற்றி புடைத்துவிட்டது. நான் ஓடிவந்து பிள்ளையைப் பறித்தேன். அவரைத் தூக்கவில்லை. “குடிகாரன் மாதிரில்லா நடக்கிய, பிள்ளையைக் கொல்லப் பாக்கியளா?” என்று கத்தினேன். அபினா பிறந்த அன்றைக்குக் குடியை விட்டவர் அவர். வெளிநாட்டில் இருந்தபோதுகூடத் தொடவில்லை. அது எனக்குத் தெரியாதா?

“நான் குடிக்கல்ல ஷைஜா” என்றார். “பின்ன என்ன?” என்றேன். அவர் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். வாசம் ஒன்றும் இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாப்பிடாமல் வேலைக்குப் போனார். சுசீந்திரத்தில் ஒரு புது வீட்டு மாடியில் அலுமினிய ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்தார். இவ்வளவுதான் நடந்தது. வெறும் வயிறும் என் வார்த்தையும்தான் அவரைத் தள்ளிற்று என்று நீ சொன்னாய். நானும் அதைத்தான் தினமும் சொல்லிக்கொள்கிறேன். நீ வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

ஷைஜா


பெங்களூரு
19 ஜனவரி 2025

மைனி,

கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வரவில்லை. லீவு இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அது பொய். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வர முடியவில்லை.

அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும். ஜீன்ஸை எடுத்து மேஜையில் விரித்தேன். இந்தத் தடவை கம்பெனியைக் கேட்காமல் எடுத்தேன். நான் இதை இதற்கு முன் எத்தனையோ தடவை விரித்திருக்கிறேன், ஆனால் துணியாகத்தான் பார்த்தேன். செருப்பு பற்றி நீங்கள் எழுதியிருந்ததை மனதில் வைத்துக்கொண்டு இப்போது பார்த்தேன். பழைய தேய்மானம் துவைத்துத் துவைத்து மங்கி, ஓரம் கலங்கி இருக்கும். புதுத் தேய்மானம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அண்ணனுடைய ஜீன்ஸில் குதிகால் பக்கம் இரண்டு காலிலும் ஒரே மாதிரி பழைய தேய்மானம். அதாவது ஒரு காலத்தில் அவன் நம்மைப் போலத்தான் நடந்திருக்கிறான். இடது முன்விளிம்பில் இருப்பது மட்டும் புதுசு. உங்கள் நீல நூலைத் தின்று, மெரூன் நூலையும் தின்ன ஆரம்பித்திருந்தது. கால் போகப் போக அதிகமாக இழுபட்டிருக்கிறது.

இங்கே ஒரு நரம்பு டாக்டரிடம் ஜீன்ஸை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆளைப் பார்க்காமல் நோய்க்குப் பேர் சொல்ல முடியாது என்றார். ஆனால் இது சோம்பேறி நடை இல்லை என்றார். பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு எங்கேயோ அழுந்தி, விரல் பக்கம் தொங்கிப்போயிருக்கலாம் என்றார். நாமாகத் தூக்க நினைத்தாலும் எழும்பாதாம். படியில் தட்டும், சாரத்தில் கம்பு மாறி வைக்கும்போது கால் ஏமாற்றும். “இவரை ஏணியில் ஏற விட்டிருக்கக் கூடாது” என்றார். யாரையும் குறித்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்.

ஆகவே வெறும் வயிறு இல்லை, மைனி. உங்கள் வார்த்தையும் இல்லை. அவன் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, உங்களிடம் சிரித்துப் பேசிவிட்டுப் போயிருந்தாலும் அந்தக் கால் அவனை விட்டிருக்கும்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். இதை மட்டும் எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது.

அதற்கு முந்தின கிறிஸ்துமஸில் நான் துணிக் கொடியடியில் நின்று அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். “என்னத்த பாக்க?” என்றான். இது எப்படி அண்ணே இப்படித் தேய்ஞ்சது என்று கேட்டேன். “கொஞ்ச நாளா இந்தக் கால் சொன்னபடி கேக்க மாட்டேங்குது மக்கா. ஷைஜாட்ட சொல்லாத, பயந்திருவா” என்றான். என்னிடம் சொன்னான், மைனி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எதையும் மாத்தாத அண்ணே. இதே மாதிரி நட. இந்தப் புதுச தாறேன், துவைக்காம போடு, மே மாசம் வரும்போ எடுத்துட்டுப் போறேன்” என்றேன். அவன் சிரித்தான். “எனக்க நொண்டிக் காலுக்கு இவ்வளவு மவுசா” என்றான்.

அந்தப் புது ஜீன்ஸை நான் கொடுத்தது அன்பளிப்பாக இல்லை. அவன் நடையை இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளத்தான். ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் போயிருப்பான். நான் சொன்னால் கேட்பான். நட என்றேன், நடந்தான்.

அதற்குப் பிறகு அடக்கத்தன்று வந்து உங்களைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு இது ஞாபகம் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓர் ஓரத்தில் இருந்தது, மைனி. அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மாடலை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். நன்றாகப் போகிறது, நிறுத்த முடியாது என்றார்கள்.

ஜினிஷா


இரணியல்
3 பிப்ரவரி 2025

ஜினிஷாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று, இப்போது நான் வேலை பார்க்கிற நர்சரிப் பள்ளிக்கு லீவு போட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் போட்ட முதல் லீவு.

உன்னிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. நீ எழுதினதில் எனக்கு முதலில் உறைத்தது அதுதான். நான் பயந்துவிடுவேனாம். நான் ஏசுவேன் என்றுதான் பயந்திருப்பார்.

நீ எனக்கு விடுதலை கொடுத்துவிட்டாய் என்று நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. கால் சுகமில்லாத மனுஷனைப் பார்த்துக் குடிகாரன் என்றேன். அது முன்னைவிட மோசமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மாமாவுக்குத் தெரிய வேண்டும். எனக்காக இல்லை. அபினா போன மாதம் என்னிடம், “அம்மா, நீங்க ஏசினதுனாலயா அப்பா விழுந்தாவ?” என்று கேட்டாள். வில்லுக்குறி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனபோது யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். அதற்கு நான் பதில் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அவளுடைய தாத்தா சொல்ல வேண்டும்.

நீ நேரில் போய் அவரிடம் சொல். போனில் சொல்லாதே. உன் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிற ஏப்ரல் 12 வருஷ ஜெபத்துக்கு முன்னால் சொல். உன்னிடம் அவர் சொன்னதையும், நீ சொன்னதையும் சேர்த்துச் சொல். பாதியைச் சொன்னால் நான் மிச்சத்தைச் சொல்லுவேன்.

ஷைஜா


பெங்களூரு
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மைனி,

சொல்கிறேன். சொல்லாமல் இருக்கமாட்டேன். ஆனால் அப்பாவுக்கு இந்த மாதம் பிரஷர் ஏறி மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். இருந்த ஒரே மகனும் போய், இருக்கிற ஒரே மகள் இப்படி என்று கேட்டால் அவர் தாங்குவாரா? வருஷ ஜெபம் முடியட்டும், சொந்தக்காரர்கள் எல்லாம் கலைந்து போகட்டும், பிறகு மெதுவாகப் பேசுகிறேன். உங்கள் மேல் தப்பில்லை என்பதை மட்டும் டாக்டர் சொன்னதாக இப்போதே சொல்லிவிடலாம். மற்றது பிறகு.

கோபப்படாதீர்கள். நான் கோழைதான்.

ஜினிஷா


இரணியல்
24 பிப்ரவரி 2025

ஜினிஷா,

என்னைச் சொல்லும்போது மாமாவின் பிரஷர் உனக்கு ஞாபகம் வந்ததா? அன்று சொந்தக்காரர்கள் கலையட்டும் என்று நீ காத்திருந்தாயா? வீடு நிறைய ஆள் இருக்கும்போதுதான் சொன்னாய். நான் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

இனி நான் எழுதமாட்டேன்.

ஷைஜா


பெங்களூரு
30 மார்ச் 2025

மைனி,

சொல்லிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை வில்லுக்குறிக்குப் போனேன்.

அப்பா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து பழைய கண்டக்டர் பழக்கத்தில் போகிற பஸ்ஸையெல்லாம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீன்ஸை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மெரூன் தையலைக் கட்டைவிரலால் தடவினார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

“கால் சரியில்லண்ணு அவன் ஒனக்கிட்ட சொன்னானா?” என்றார். நான் அந்த இடத்துக்கு வரவே இல்லை, அவராகக் கேட்டார்.

“சொன்னான்ப்பா.”

“நீ என்ன சொன்ன?”

இல்லை என்று சொல்லிவிட வாய் வந்தது. உங்கள் செம்பு ஞாபகம் வந்தது. நான் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். இதே மாதிரி நட அண்ணே என்று சொன்னதைச் சொன்னேன். துவைக்காதே என்று சொன்னதையும் சொன்னேன்.

அப்பா ஜீன்ஸை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இஸ்திரிக்காரன் மாதிரி மெதுவாக மடித்தார். “எழும்பிப் போ” என்றார். அடிக்கவில்லை, ஏசவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் சொல்கிற அதே குரலில் சொன்னார். நான் அப்போதே கிளம்பி நாகர்கோவில் வந்து ரயில் ஏறினேன். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதில்லை.

நீங்கள் சொன்னபடி முழுதையும் சொன்னேன். வருஷ ஜெபத்துக்கு நான் வரப்போவதில்லை. அவர் இருக்கிற இடத்தில் எனக்கு நிற்க முடியாது. நீங்கள் போங்கள், மைனி. அது உங்களுடைய இடம். அபினாவுக்கு என் முத்தம். அத்தை எதற்கு வரவில்லை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அவளிடமும் யாரும் பாதியைச் சொல்ல வேண்டாம்.

ஜினிஷா


இரணியல்
6 ஏப்ரல் 2025

ஜினிஷா மக்கா,

இனி எழுதமாட்டேன் என்றேன், எழுதுகிறேன். இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், புதன்கிழமைக்குள் கிடைத்துவிடும்.

மாமா இங்கே வந்தார். நீ போன மறுநாளே வந்துவிட்டார், கையில் துணிப்பையோடு, அதில் அந்த ஜீன்ஸ். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள், உட்காரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷம் கழித்து ஒருத்தர் முகத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். எங்கே போய் ஒளியலாம் என்றுதான் இருந்தது.

“சாயங்காலம் செருப்பு இழுபடுத சத்தம் கேட்டா, மவன் வாறான், சாயா போடுண்ணு நான்தான் ஒனக்கிட்ட விளிச்சுச் சொல்லுவேன். ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. “அந்தச் சத்தம் முன்ன கெடையாது, கொஞ்ச நாளாத்தான் வந்துதுல்லா. எனக்குக் கேட்டுது மக்களே. நான் சாயாக்குத்தான் சொன்னேன்” என்றார். பிறகு உட்கார்ந்தார். நான் சாயா போட்டுக் கொடுத்தேன், இருவரும் குடித்தோம்.

அபினாவைக் கூப்பிட்டு மடியில் வைத்து, அப்பாவுக்குக் காலில் நரம்பு சுகமில்லை, அதனால்தான் விழுந்தார், அம்மா ஏசினதால் இல்லை என்று சொன்னார். அவள் நம்பிவிட்டாள். உடனே விளையாடப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கிளம்பும்போது மாமா சொன்னார், “சனிக்கிழமை வீட்டுக்கு வா. ஒனக்க வீடு அது. ஆனா அவ அந்தப் படி ஏறக் கூடாது, சொல்லிட்டேன்.”

நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் சொல்லிவிட்டேன், “மாமா, ஒரு வருஷமா நான் இருந்த எடத்துல இன்னொருத்தியக் கொண்டு இருத்த எனக்கு மனசில்ல. அவ வரல்லண்ணா நானும் வரல்ல.” அவர் படி இறங்கிப் போய்விட்டார். நேற்று ஆள் விட்டு, ஜெபத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருவார்கள், சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டனுப்பினார். உன்னையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், கை போகவில்லை. பொய்யை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீயும் எனக்கு ஆறுதல் எழுதாதே. என்மேல் தப்பில்லை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மாமா சொல்கிறார், அம்மா சொல்கிறாள், பாஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் நம்பிவிட்டார்கள், நான் மட்டும் இன்னும் நம்பவில்லை. அவர் ஊதிக் காட்டினதும் நான் முகத்தைத் திருப்பினதும் நடந்ததுதானே. உனக்கும் ராப்பகலாக அந்தக் கொடியடிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் அது தெரியாது.

வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறு. மாமா முன்னால் இருப்பார், உன்னைப் பார்க்கமாட்டார். அதற்குப் பழகிக்கொள்ளலாம், நான் பழகினேன். சொந்தக்காரர்கள் வந்து ஏதாவது சொல்லுவார்கள். நீ வந்து என் பக்கத்தில் உட்கார். அந்த வீட்டில் நம் இரண்டு பேருக்கும் வேறு யார் பக்கத்திலும் உட்கார முடியாது.

ஷைஜா